வின்சுலோ பெருமகனாரும் ஹாரியட் அம்மையாரும்

அகராதியைக் கையாளாத தமிழ் மாணவர் இரார். ஆயினும், அகராதி தொகுத்தாருடைய வரலாற்றை அறிந்தார் மிகச் சிலரே. வேண்டிய சொல்லுக்குப் பொருள் கண்டவுடன் நூலை மூடிவிடுகின்றோம். அச்சொல்லை நமக்கென எடுத்துவைத்த கை யாருடையது, அக்கை எத்துணை பேரிடம் விடைபெற்று வந்தது என்று வினவுவதில்லை. யாமும் அங்ஙனமே இருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் எம்மில்லத்து நிகழ்ந்த ஒன்றே எம்மை அவ்வினாவிற் செலுத்திற்று.

எம்மூர் காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூர். பல்லவர் காலத்து ஏரியாகிய வயிரமேக தடாகம் நீர் சுருங்கிக் கரைமண் வெடிக்கத் தொடங்கும் சித்திரைத் திங்களில், எம் பெரியம்மையார் மகனாகிய தமையனாருக்குத் திருமணம் நடந்தது. உயிர்த்தெழுந்த திருநாள் கழிந்த மறுவாரமே ஆலயத்தில் மணவோலை வாசிக்கப்பெற்றது. பந்தலும் பாட்டும் ஊர் நிறைந்தன. மணம் முடிந்தபின் மணமக்கள் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என உறவினர் உறையும் ஊர்தோறும் விருந்துண்டு திரிந்தனர். வைகாசியிற் கடல்கடந்த நாடொன்றிற்கு வேலையின்பொருட்டு இருவரும் புறப்பட்டனர். புறப்படும் நாளிற் பாட்டியார் வேறொன்றும் பேசிற்றிலர். எப்போது திரும்புவாய் என்ற ஒரு வினாவையே பன்முறை கேட்டனர். கைபேசியில் நாள்தோறும் முகம் காணலாம் என்று யாம் தேற்றினோம், அவர் தேறினாரல்லர்.

அன்றிரவு உறக்கம் வாராது, பாடத்தின்பொருட்டுக் கொணர்ந்திருந்த பழைய அகராதியைப் புரட்டினோம். முகப்பேட்டில் வின்சுலோ என்னும் பெயர் இருந்தது. இவரும் ஒரு வேனிற்காலத்திற் புதுமனைவியுடன் கடல் கடந்தவரன்றோ என்னும் நினைவு எழுந்தது. விடுமுறை முடியுமுன் அவ்வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

மிரோன் வின்சுலோ அமெரிக்க ஐக்கிய நாட்டு வெர்மாண்டு மாநிலத்தில் வில்லிஸ்டன் என்னும் ஊரில் 1789ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தார். இளமையிற் கடையொன்றிற் பணிபுரிந்து, பின்னர்க் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் தாமே வாணிகம் நடத்தினார். ஆயினும் அவருள்ளம் ஊதியக் கணக்கில் நிலைகொள்ளவில்லை. கடையை விடுத்துக் கல்வியை மேற்கொண்டு, மிடில்பரிக் கல்லூரியில் 1815இல் பட்டம் பெற்றார். ஆண்டோவர் இறையியற் கல்லூரியில் 1818இற் படிப்பை முடித்தார். அவ்வாண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகர ஆலயத்தில் அருட்டொண்டராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார்.

அவர் மணந்த ஹாரியட் அம்மையார் அந்நார்விச் நகரத்து லாத்ரப் குடும்பத்தில் 1796ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தோன்றியவர். இளம்பெண்ணாய் இருந்தபோதே தம்மூர்ச் சிறுவர்க்கு ஓய்வுநாட்பள்ளி நடத்தியவர். பிற்காலத்து உடுவிலில் அவர் செய்த பெரும்பணிக்கு வித்து அங்கேயே இடப்பெற்றது எனலாம்.

1819 ஜனவரியில் இவ்விருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது இருபத்தொன்பது, மணமகளுக்கு இருபத்திரண்டு. அவர்கள் கப்பலேறியது ஜூன் 8ஆம் நாள். இடையில் இருந்தவை ஐந்து திங்கள்கள் மட்டுமே. அந்நாட்டிற் பனி உருகி மரங்கள் தளிர்த்து வேனில் தொடங்கும் அப்பருவம், பிறர்க்கு மகிழ்ச்சிப் பருவம். இவர்க்கோ ஒவ்வொரு விருந்தும் விடைபெறும் விருந்தாயிற்று. வாழ்த்தும் பிரிவும் ஒரே பந்தியில் அமர்ந்தன. அக்காலத்து அருட்டொண்டர், சில ஆண்டுகள் உழைத்துத் திரும்புவோம் என்று செல்பவரல்லர்; வாழ்நாள் முழுமைக்கும் செல்பவர். கடிதமொன்று கடல் கடந்து சேர நான்கைந்து திங்கள் ஆகும். அதற்கு விடை வந்து சேரும்போது ஓராண்டு அணுகிவிடும். நலமா என்று வினவிய தாய், அவ்வினா சென்றடையும் நாளில் மகள் உயிரோடிருந்தாளா என்பதை அறியாள்.

தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. நம் முன்னோர் பிரிவைப் பாலைத் திணைக்கு உரிப்பொருளாக்கி, வேனிலை அதற்குப் பெரும்பொழுதாக வைத்தனர். தலைவனோடு தலைவி செல்லும் உடன்போக்கையும், பின்னே நின்று வருந்தும் நற்றாயையும் செவிலியையும் பாடினர். அவ்விலக்கணத்தைக் கற்ற நாம், நார்விச் நகரத்து இல்லமொன்றிலும் ஒரு நற்றாய் நின்றனள் என்பதை எளிதில் உணரலாம். வேற்றுமை ஒன்றே: நம் செய்யுட்களிற் சென்ற தலைவி சுரங்கடந்து அயலூரை அடைவாள், தேடிச் சென்றாற் காணலாம். ஹாரியட் சென்ற வழியில் தேடிச் செல்வார் இலர்.

ஜூன் 8ஆம் நாள் பாஸ்டன் துறையில் இண்டஸ் என்னும் கப்பல் காத்திருந்தது. அதில் ஏறியவர் வின்சுலோ இணையர் மட்டுமல்லர். லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்டு என்போர் தத்தம் மனைவியரோடும், மருத்துவர் ஜான் ஸ்கடர் தம் மனைவியோடும் சிறு குழந்தையோடும் ஏறினர். ஸ்கடர் நியூயார்க்கு நகரில் வளர்ந்துவந்த மருத்துவத் தொழிலை விடுத்து வந்தவர். பிற்காலத்து வேலூரிற் பெரும் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவர்தம் பேர்த்தியார். உற்றார் துறையில் நின்று பாடியும் செபித்தும் வழிவிட, கப்பல் நகர்ந்தது.

நான்கு திங்கட்கு மேல் நீரையும் வானையும் அன்றி வேறு காணாப் பயணம் அது. சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்றது 1869இலாதலின், அந்நாளில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வருதல் வேண்டும். வரும் வழியில் மாலுமிகட்கு மறை கற்பித்தனர். அக்டோபரிற் கல்கத்தாவை அடைந்தனர். ஆங்கே ஸ்கடர் இணையர் தம் குழந்தையைச் சாவுக்குக் கொடுத்தனர். தாம் ஏற்ற பணி எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை அவ்விளைஞர் எண்மரும் ஆங்கே கண்டிருத்தல் வேண்டும். பின்னர் இலங்கையை அடைந்து, 1820இல் வின்சுலோ இணையர் யாழ்ப்பாணத்து உடுவிலில் தங்கினர்.

அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பெண்மக்களைப் பள்ளிக்கு விடுப்பார் அரியர். எழுத்தறிதல் பெண்ணுக்கு இழுக்கு என்று கருதிய காலம் அது. ஹாரியட் அம்மையார் முதலிற் தமிழைக் கற்றார். பின் வீட்டு வாயிலுக்கு வந்த சிறுமியரைக் கற்பித்தார். 1824இற் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியொன்று உடுவிலில் நிறுவப்பெற்று, அவர் பொறுப்பில் வளர்ந்தது. படிப்பை இடையில் நிறுத்தாது இருக்கும் பெண்களுக்கு மணக்காலத்திற் சீதனமும் உதவினர். அப்பள்ளி இரு நூற்றாண்டு கண்டு, உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயரோடு இன்றும் நிலவுகின்றது.

ஈண்டு ஒன்றை மறையாது கூறல் நேர்மையாகும். அவ்வமெரிக்கர் நம் சமயங்களையும் வழக்கங்களையும் நோக்கிய நோக்கிற் கடுமை மிகுந்திருந்தது. பொருளுதவிய அமெரிக்கர் பெயர்களை மாணாக்கர்க்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. தம் பெயரோடு வளர வேண்டிய சிறாருக்கு அயற்பெயர் இட்டதை இக்காலத்து யாம் ஒப்போம். பின்னாளில் ஆறுமுக நாவலர் எழுந்து தம் சமயத்தார்க்குப் பள்ளிகள் நிறுவியதற்கு இத்தகைய காரணங்களும் உண்டு. நன்றியுணர்வு குறையைக் காணாதிருத்தல் அன்று. குறையும் கண்டு கொடையும் மறவாதிருத்தலே ஆம்.

பாஸ்டன் துறையில் தொடங்கிய பிரிவு உடுவிலில் முடியவில்லை. 1821இற் பிறந்த மூத்த மகன் சார்லஸைக் கல்வியின்பொருட்டுப் பெற்றோர் அமெரிக்காவுக்கு அனுப்பினர். தாம் நின்ற இடத்தில் தம் தாய் நின்றதை ஹாரியட் அம்மையார் அன்று எண்ணியிருப்பார். மாறாக, இம்முறை கரையில் நின்றவர் அவர். சிறுவன் கடல் கடந்து சேர்ந்து, 1832 மே திங்களில் நியூயார்க்கிற் பதினோராம் அகவையில் இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் ஹாரியட் அம்மையாரும் உடுவிலில் உயிர்நீத்தார். அகவை முப்பத்தாறு. தமிழ்நிலத்தில் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டு. பள்ளிப் பொறுப்பை, உடன் கப்பலேறி வந்த ஸ்பால்டிங் இணையர் ஏற்றனர். அம்மையாருடைய தங்கையர் மூவரும் அருட்டொண்டரை மணந்து அதே பணிக்களத்திற்கு வந்தனர் என்பது, அக்குடும்பம் கொடுத்ததின் அளவைக் காட்டும்.

மனைவியை இழந்த வின்சுலோ தாய்நாடு சென்று, 1835இல் மனைவியின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். தாய்நாட்டிலேயே தங்கியிருந்தால் யாரும் குறை கூறியிரார். அவரோ மீண்டார். 1836இற் சென்னையில் அமெரிக்கத் திருப்பணியைத் தொடங்கினார். பழைய கப்பற்றோழர் ஸ்கடரும் ஆங்கு வந்து சேர்ந்தார். வின்சுலோ மீண்டும் மணம் செய்தார். அவ்வாறு மணந்தோருட் சிலரையும் சாவு கவர்ந்தது. துயர்கள் பல வந்தும், நாள்தோறும் ஒரு பகுதி நேரத்தைத் தமிழ்ச் சொல்லுக்கென அவர் ஒதுக்கிவைத்தார்.

அகராதி வேலையை முதலிற் தொடங்கியவர் அவரல்லர். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்னும் ஆங்கிலத் தொண்டர் சொற்களைத் தொகுக்கத் தொடங்கி, முடியுமுன் 1838இல் மறைந்தார். பிறர் கைமாறி வந்த அச்சுமையை வின்சுலோ ஏற்றார். இராமாநுசக் கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர்களின் துணையைப் பெற்றார். செந்தமிழ்ச் சொல்லும் வழக்குச் சொல்லும், வானநூல், மருத்துவம், சமயம் ஆகியவற்றின் சொற்களும் ஒருங்கே அதில் இடம்பெற்றன. 1862இற் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில், எழுத்து வார்ப்பிற் புகழ்பெற்ற ஹண்ட் என்பாரால் அச்சிடப்பெற்று அத்தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் வெளியிட்ட தமிழ் லெக்சிகன், இந்நூலைத் திருத்திப் பெருக்கும் முயற்சியாகவே தொடங்கிற்று. நாம் இன்று சொற்பொருள் தேடும் நெடுஞ்சாலையின் அடிக்கல் அது.

நூல் வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது எழுபத்திரண்டு. உடல் தளர்ந்து, 1864இல் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டார். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையை அடைந்தது. அவர் அதற்கப்பாற் செல்லவில்லை. அக்டோபர் 22ஆம் நாள் ஆங்கே உயிர்நீத்தார். மருத்துவர் ஸ்கடரும் ஒன்பது ஆண்டுகட்கு முன் அந்நன்னம்பிக்கை முனையிலேயே இறந்தவர். 1819இன் வேனிலில் இளைஞராய் எக்கடற்புறத்தைச் சுற்றி வந்தனரோ, அக்கடற்புறத்திலேயே இருவரும் அடங்கினர். புறப்பட்ட துறைக்கும் உழைத்த நிலத்துக்கும் இடைநடுவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

அவ்வகராதியின் முகப்பேட்டில் உள்ள பெயர்கள் மிகச் சிலவே. அச்சுக்கு அவ்வளவே இடம். தம் முப்பத்தாறாம் அகவையில் உடுவில் மண்ணில் அடங்கிய ஹாரியட் அம்மையார் பெயர் ஆங்கு இல்லை. கடற்பயணத்தின் முடிவில் இறந்த சார்லஸ் பெயர் இல்லை. மகளை வழிவிட்டு நின்ற நார்விச் நகரத்துத் தாயின் பெயரும் இல்லை. எம்மூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்து ஊரவைத் தேர்தல் விதிகள் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. 921ஆம் ஆண்டின் அக்கல்வெட்டைக் காண நெடுந்தொலைவினின்றும் அறிஞர் வருவர். கல்லைச் சுமந்தார் பெயரை யாரும் கேட்டிலர். பெரும்பணி எதுவாயினும் அதன் அடியில் இங்ஙனம் பெயரின்றிக் கிடப்போர் உளர்.

விடுமுறையின் இறுதி நாளில் இவ்வரலாற்றைப் பாட்டியாருக்குச் சொன்னோம். ஹாரியட் அம்மையாரைப் பற்றியே அவர் மிகுதியும் கேட்டனர். இறுதியில், அப்பெண்ணின் தாய் அவளை மறுபடியும் கண்டாளா என்றனர். இல்லை என்றோம். பாட்டியார் சிறிது நேரம் வாளா இருந்து, பின் எழுந்து, தமையனாரின் அழைப்பு வரும் வேளையாயிற்று, கைபேசியைக் கொணர்க என்றனர். அன்றுதான் முதன்முறையாக அதனைத் தம் கையில் வாங்கிக்கொண்டனர்.

யாமும் கல்லூரிக்கு மீண்டோம். இனி அவ்வகராதியைத் திறக்குந்தோறும், பொருள் கண்டவுடன் மூடிவிடாது, முகப்பேட்டை ஒருகணம் நோக்கிப் பின் மூடுவோம்.