கலாவெவயும் தாதுசேனனின் முடிவும்

அநுராதபுர மன்னர்களுள் நீர்ப்பாசனத்தால் அழியாப் புகழ் பெற்றவன் தாதுசேனன். கி.பி. 455 முதல் 473 வரை ஆட்சி புரிந்த அவனது வாழ்வு, அரசாள்வோர் அனைவரும் கருத்திற் கொள்ளவேண்டிய ஒரு பாடமாகும்.

மோரிய குலத்தவனான தாதுசேனன், பௌத்த துறவியான தன் மாமனின் பாதுகாப்பில் வளர்ந்தான். அக்காலத்தில் பாண்டு முதலிய ஆறு தமிழ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டனர். அவர்களோடு நெடுங்காலம் பொருதியே அவன் அரியணை ஏறினான். எனினும், இப்போரை இன்றைய இனப்பகையின் கண்கொண்டு நோக்குவது பொருந்தாது. அந்த அறுவருள் சிலர் பௌத்த விகாரைகளுக்குத் தானம் வழங்கியமைக்குக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன.

தாதுசேனன் 18 குளங்களை அமைத்தான் என்கிறது சூளவம்சம். அவற்றுள் தலையாயது கலாவெவ. அதன் நீரை அநுராதபுரத்திலுள்ள திஸ்ஸ வெவவுக்குக் கொண்டு செல்லும் ஜய கங்கை, சுமார் 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 17 மைல் தூரத்தில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு இருப்பது, பொறியியலாளரை இன்றும் வியக்க வைக்கின்றது.

இத்தகைய மன்னனை வீழ்த்தியது வெளிப்பகை அன்று. அவனது சகோதரியின் மகனும் சேனாதிபதியுமான மிகாரன், தன் மனைவியான மன்னனின் மகளைக் குற்றமின்றிச் சாட்டையால் அடித்தான். வெகுண்ட மன்னன், மிகாரனின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தாளையே, எரித்துக் கொல்லச் செய்தான். மகன் செய்த பிழைக்குத் தாய் பலியானாள். வஞ்சம் கொண்ட மிகாரன், மன்னனின் மூத்த மகன் காசியப்பனைத் தூண்டித் தந்தையைச் சிறையிலிட வைத்தான். இளைய மகன் முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான்.

செல்வத்தைக் காட்டுமாறு நெருக்கப்பட்ட தாதுசேனன், காவலருடன் கலாவெவக்குச் சென்று நீராடி, அந்நீரே தன் செல்வம் முழுவதும் எனக் காட்டினான். சினமுற்ற காசியப்பன் அவனைச் சுவரினுள் உயிரோடு வைத்துப் பூசச் செய்தான். அணை கட்டுகையில் தியானத்திலிருந்து அசையாத ஒரு துறவியை மன்னன் மண்ணிட்டு மூடச் செய்ததன் வினைப்பயனே இம்முடிவு என்பது சூளவம்சத்தின் கருத்து.

வினைப்பயனை நம்பாதவர்க்கும் இதன் பொருள் விளங்கும். நீருக்கு அணையிட்ட மன்னன் தன் சினத்துக்கு அணையிடவில்லை. தந்தையைக் கொன்று பெற்ற அரசும் நிலைக்கவில்லை. சிகிரியாவில் அரண் அமைத்து வாழ்ந்த காசியப்பன், படையோடு மீண்ட முகலனிடம் தோற்று மாண்டான். கலாவெவ மட்டும், 19ஆம் நூற்றாண்டில் திருத்தப்பட்டு, இன்றும் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. அந்நீர் இனமோ மதமோ கேட்பதில்லை.