வக்கீல் பட்டம் வாங்காமல் சட்டம் கொண்டுவந்த எம்.சி.ராஜா

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் காலனிகளில் நம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் கிடைக்கும்போல் இருக்கிறது. முடித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போவதாகச் சொல்கிறது பிள்ளை. நூற்பாலைக்கும் பேண்டேஜ் தறிக்கும் போய்வரும் பெற்றோருக்கு ஒரே சந்தேகம்: மூன்று வருஷம் அரசியல் படித்து என்ன ஆகப்போகிறது?

அந்தச் சந்தேகத்தை நாம் குறை சொல்லமாட்டோம். மூன்று வருஷம் என்பது மூன்று வருஷச் சம்பளம். ஆனால் பதில் சொல்ல நம்மிடம் ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது. உங்கள் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்ற சொல் இருந்தால், அதற்குப் பின்னாலும் அந்த மனிதர் இருக்கிறார்.

மயிலை சின்னத்தம்பி ராஜா, சுருக்கமாக எம்.சி.ராஜா, 1883இல் சென்னை பரங்கிமலையில் பிறந்தவர். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இன்று தாம்பரத்தில் காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தக் கல்லூரி, 1937 வரை நகருக்குள் பாரிமுனை அருகே இருந்தது. எதிரே உயர்நீதிமன்றம். அதன் சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தை ஒட்டியே சட்டக் கல்லூரியும் வந்தது. அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தவர்தான் பி.எல். படிக்க முடியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசலிலிருந்து சாலையைக் கடப்பது போன்ற காரியம் அது.

ராஜா அந்தச் சாலையைக் கடக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பாடப் புத்தகங்கள் எழுதினார். கோட்டு மாட்டி நீதிமன்றத்தில் நிற்காத இந்த ஆசிரியர்தான் பின்னாளில் சட்டமன்றத்தில் நின்றார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தால் மதம் மாறிவிடுவார்கள் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ராஜா மிஷன் பள்ளியிலும் மிஷன் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஒடுக்கப்பட்டவர்கள் மொத்தமாகச் சீக்கியத்துக்கு மாறலாம் என்ற யோசனை 1936இல் அவரிடம் வந்தபோது மறுத்துவிட்டார். கல்லூரி அவருக்குக் கொடுத்தது வேறு: ஆங்கிலத்தில் எழுத, வாதாட, மசோதாவைப் படித்து எங்கே ஓட்டை என்று பார்க்கத் தேவையான பயிற்சி.

1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் ஆனார். 1920 முதல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினர். அங்கே நம்மை அரசுப் பதிவேடுகள் பறையர், பஞ்சமர் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தன. அந்தப் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏற்று ஆணை போட்டது. நீதிக்கட்சியோடு நின்றவர், அந்தக் கட்சி தம் மக்களைக் கைவிட்டது என்று கண்டதும் 1923இல் வெளியேறினார். 1927இல் தில்லியில் மத்திய சட்டமன்றத்துக்குப் போனார். பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார்.

அவர் வாழ்க்கையில் நாம் இன்றும் சண்டை போட்டுக்கொள்ளும் இடம் 1932. முதலில் அவர் தனி வாக்காளர் தொகுதி கேட்டவர்தான். நம் பிரதிநிதியை நாமே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் பொருள். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். ராஜாவுக்கு அழைப்பில்லை. பிறகு அவர் நிலை மாறியது. 1932 தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்: இடங்கள் நமக்கு ஒதுக்கப்படட்டும், ஓட்டை எல்லாச் சாதியாரும் சேர்ந்து போடட்டும் என்று. அம்பேத்கர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அழைக்கப்படாத கோபம் முடிவை மாற்றியதா, இல்லை ஊரில் சிறுபான்மையாக வாழ்பவர்கள் தனித்து நின்றால் அடிவாங்குவார்கள் என்ற கணக்கா? நம் எண்ணத்தில் இரண்டும் கலந்தது.

ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனி வாக்காளர் தொகுதியை அறிவித்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்தது. ராஜாவும் அதில் கையெழுத்திட்டவர். சென்னை மாகாணத்துக்கு 30 இடங்கள். ஓட்டு எல்லோருக்கும் பொது; ஆனால் வேட்பாளர்களை முதல் சுற்றில் நம் மக்கள் மட்டும் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பாதுகாப்பு இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசியல் சட்டத்தில் அந்த முதல் சுற்றும் இல்லை. ஆக, இன்று நாம் ஓட்டுப்போடும் முறை, உருவத்தில் ராஜா கேட்ட முறைதான். 2006 தேர்தல் வரை ராஜபாளையம் தனித்தொகுதி. 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. நிற்பவர் நம்மவர், ஜெயிக்க வைப்பது ஊர் முழுக்க உள்ள ஓட்டும், கட்சியும்.

அதன் விலை என்ன என்று ராஜாவே ஆறு வருஷத்தில் பார்த்தார்.

1937இல் மூன்று மாதம் நீடித்த இடைக்கால அமைச்சரவையில் அவர் அமைச்சராக இருந்தார். பிறகு ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி. 1938இல் ராஜா தனி உறுப்பினராக ஒரு மசோதா கொண்டுவந்தார். பொதுக் கிணறு, குளம், பாதை, பொது வண்டி, அரசு வேலை எதிலும் தீண்டாமையைக் காட்டித் தடுக்கக் கூடாது. அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக யார் சொன்னாலும் நீதிமன்றம் ஏற்கக் கூடாது. அது நிறைவேறி 1938ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் ஆனது. சட்டம் படிக்கப்போகும் மாணவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைக் கவனிக்க வேண்டும். அதுவரை ஊர்வழக்கம், மாமூல் என்று சொல்லி வழக்கை முடித்துவிட முடிந்தது. மாமூலே குற்றவாளிக் கூண்டில் ஏறியது இங்கேதான். 1955இல் நாடு முழுவதற்கும் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்கு இது முன்னோடி. அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த நம் ஊர்களுக்கும் அது பொருந்தியது. கிணற்றடியில் நிலைமை மறுநாளே மாறிவிடவில்லை என்பது நம் பாட்டிமார் சொல்லித் தெரிந்ததுதான்.

அதே ஆண்டு ஆலய நுழைவு மசோதாவையும் ராஜா கொண்டுவந்தார். அரசு துணைநிற்கும் என்று நம்பினார். ராஜாஜி எதிர்த்தார், மலபாருக்கு மட்டும் போதும் என்றார். ஓட்டெடுப்பில் மசோதா தோற்றது. தனித்தொகுதிகளில் ஜெயித்து வந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டளையை மீறவில்லை. தம் சொந்த மக்களுக்கான மசோதாவை, தாம் வாதாடிப் பெற்ற இடங்களில் உட்கார்ந்தவர்களே கைவிட்டதை ராஜா நேரில் பார்த்தார். காந்திக்கு எழுதினார். காந்தி ராஜாஜியை நம்பச் சொன்னார். மறு வருஷம் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் நுழைவு நடந்து, அதைக் காக்க ராஜாஜி அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார் என்பதும் உண்மை. ஆனால் ராஜா பழையபடி காங்கிரஸை நம்பவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, பத்து வருஷம் எதிரெதிரே நின்ற அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய் அவரைச் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு ராஜா காலமானார்.

அவரைப் பற்றி இழிவாகவும் பேசலாம், கொண்டாடியும் பேசலாம். மேடைகளில் இரண்டும் நடக்கிறது. நாம் பிள்ளைகளிடம் கேட்பது வேறு. மூஞ்சே ஒப்பந்தத்தையும் பூனா ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரசாணைக்கும் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். 1922இல் பெயர் மாற்ற ஓர் ஆணை போதுமாக இருந்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்க ஏன் சட்டம் தேவைப்பட்டது? அரசியல் அறிவியல் வகுப்பில் நடத்துவது இதைத்தான். பட்டம் முடித்தால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுப் படிப்பும் உண்டு. நம் மாவட்ட முதன்மை நீதிமன்றமோ தூரத்தில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

ராஜா உயிரோடிருக்கும்போதே, 1930இல், அவர் வாழ்க்கையையும் பேச்சுகளையும் தொகுத்துப் புத்தகமாக்கினார் ஜெ.சிவசண்முகம் பிள்ளை என்ற ஆதிதிராவிட இளைஞர். 1937இல் சென்னை மேயர் ஆனவர் அவர். 1946இல் சட்டமன்றத்தின் சபாநாயகர். ஆண்டாள் கோவில் உட்பட மாகாணத்தின் எல்லாக் கோவில்களையும் நமக்குத் திறந்துவிட்ட ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் அதே சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் சிவசண்முகம் பிள்ளைதான்.