வீழ்ந்து கிடந்தவரின் கதை

கண்டி நகரின் பழைய சிகையலங்கார நிலையங்களிலும் அக்குறணை, மடவளைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் ஒரு புகைப்படம் சுவரில் தொங்கக் கண்டிருக்கிறோம். முஹம்மத் அலி வலக்கையை மார்புக்குக் குறுக்காக மடித்தவாறு, காலடியில் கிடப்பவரை நோக்கி ஏதோ உரத்துக் கூறிக்கொண்டிருப்பார். நிற்பவர் யாரென்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். மல்லாந்து கிடப்பவர் யாரென்று கேட்டால் பெரியவர்களும் சற்று யோசிப்பார்கள். அவர்தான் சொனி லிஸ்டன். ஹெவிவெயிட் எனப்படும் அதிபார எடைப் பிரிவில் 1962 முதல் 1964 வரை உலக சம்பியனாக இருந்தவர். அப்படம் எடுக்கப்பட்ட 1965 மே 25 ஆம் திகதியிலிருந்து அவரைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்கப்பட்டு வருகின்றது. உண்மையாகவே விழுந்தாரா, அல்லது விழுவதற்கென்று பேசி வைத்து விழுந்தாரா?

அந்தப் பழைய கேள்வியை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணமில்லாமலில்லை. 2024 மார்ச்சில் பல்லேகல மைதானத்தில் நடைபெற்ற முன்னாள் கிரிக்கெட் வீரர்களுக்கான தொடரில், ஆட்ட நிர்ணயத்துக்காக வீரர்களை அணுகினார்கள் என்ற முறைப்பாட்டின் பேரில் வெளிநாட்டவர் இருவரின் கடவுச்சீட்டுகளைப் பெற்றுக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், அதே பல்லேகலயில் நடந்த பத்து ஓவர் தொடரில் விளையாடிய அணியொன்றின் உரிமையாளர் கைதுசெய்யப்பட்டார். இவை குற்றச்சாட்டுகள், தீர்ப்புகள் அல்ல. 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் ஆட்ட நிர்ணயத்தைப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியதாலேயே அவை நீதிமன்றம் வரை சென்றன. இங்கே சட்டத்தின் பார்வை முதலில் விழுந்தது ஆடுபவன் மீதன்று, அணியை வாங்கியவர் மீது என்பதைக் கவனிக்க வேண்டும். லிஸ்டனின் காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது.

சார்ள்ஸ் லிஸ்டன் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில், குத்தகை நிலத்தில் பருத்தி விளைவித்த கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தையின் இரு தாரத்துப் பிள்ளைகள் இருபத்தைந்து பேரில் இருபத்து நான்காமவர் என்பார்கள். பிறந்த ஆண்டு எதுவென்பது உறுதியில்லை. பதிவுச் சான்றிதழ் எதுவும் எழுதப்படவில்லை. தந்தை அடித்த அடியின் தழும்புகள் முதுகில் இறுதிவரை இருந்தன. பாடசாலைப் படிப்பு இல்லை. எழுதவோ வாசிக்கவோ தெரியாது. தாய் வேலை தேடி சென்ட் லூயிஸ் நகருக்குச் செல்ல, பையனும் பின்னர் அவரைத் தேடிச் சென்றான். நகரம் அவனுக்குக் கற்பித்தது வழிப்பறியைத்தான். 1950 இல் கொள்ளைக் குற்றத்துக்காக மிசூரி மாநிலச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே மூன்று வேளை உணவு கிடைத்ததால் சிறையைப் பற்றித் தாம் முறையிட்டதில்லை என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

சிறையிலிருந்த கத்தோலிக்கக் குருமார்தாம் அவருடைய கையில் குத்துச்சண்டைக் கையுறையை மாட்டியவர்கள். 1952 ஒக்டோபர் இறுதியில் நன்னடத்தையின் பேரில் வெளியே வந்தவர், அடுத்த ஆண்டே கோல்டன் குளவ்ஸ் போட்டியில் ஒலிம்பிக் சம்பியனான எட் சான்டர்ஸை வென்றார். 1953 செப்டெம்பரில் தொழில்முறை வீரரானார். கண்டியில் ஸ்டப்ஸ் கேடயத்துக்காகப் பாடசாலை மாணவர் மோதுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, தொழில்முறைக் குத்துச்சண்டையின் கணக்கு வழக்குகள் விளங்குவது கடினம். நமது மாணவனுக்குப் பின்னால் பாடசாலை இருக்கும். அங்கே வீரனுக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தம் பங்கு பங்காகப் பிரித்து விற்கப்படும். பங்குகளை வைத்திருப்பவர்களின் பெயர் அதில் இராது.

லிஸ்டனின் ஒப்பந்தத்தில் முதலில் கைவைத்தவர் சென்ட் லூயிஸின் பாதாள உலகப் புள்ளி ஜோன் விட்டாலே. 1956 இல் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவருடன் ஏற்பட்ட மோதலுக்காக லிஸ்டன் மீண்டும் சிறை சென்றார்; 1957 ஆம் ஆண்டு முழுவதும் அவர் மேடையேறவில்லை. அதன் பின் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். மாற்றப்பட்டார் என்றே எழுத வேண்டியுள்ளது. ஏனெனில் அப்போது அவரை வைத்திருந்தவர்கள் பிராங்கி கார்போவும் பிளிங்கி பலெர்மோவும்.

கார்போ யாரென்பதைச் சொல்லாமல் இக்கதை விளங்காது. கொலைக் குற்றச்சாட்டுகளில் பலமுறை சிக்கிய அந்த மாபியா மனிதர், 1940 களிலும் 50 களிலும் அமெரிக்கக் குத்துச்சண்டையின் மறைமுக ஆளுநராக இருந்தார். உலகப் பட்டத்துக்கு மோத வேண்டுமாயின் அவருடைய தயவு வேண்டும். நடுத்தர எடைப் பிரிவின் ஜேக் லமோட்டா, 1947 நவம்பரில் நியூயோர்க்கில் பில்லி பொக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதை 1960 இல் செனட் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பட்டத்துக்கான வாய்ப்பே அதற்கு விலை. அதே செனட் குழுவின் முன் 1960 டிசெம்பரில் லிஸ்டனும் நிறுத்தப்பட்டார். அவருடைய ஒப்பந்தத்தில் பாதிக்கு மேல் கார்போவுக்குரியது என்று சாட்சியம் அளிக்கப்பட்டது. பங்கு வைத்திருந்த பெரிய மனிதர்கள் அரசியலமைப்பு தந்த உரிமையைக் காட்டி வாய்திறக்க மறுத்தார்கள். வாசிக்கத் தெரியாத மனிதர் மட்டும் தமக்குத் தெரிந்ததைக் கூறினார். ஊரார் மனதில் குற்றவாளியாக நின்றவரும் அவரே.

1961 இல் வேறொரு மிரட்டல் வழக்கில் கார்போவுக்கு 25 ஆண்டுகளும் பலெர்மோவுக்கு 15 ஆண்டுகளும் தண்டனை கிடைத்தன. லிஸ்டனின் மீதிருந்த கறை மட்டும் போகவில்லை. நியூயோர்க் மாநிலம் அவருக்கு அனுமதிப்பத்திரம் தர மறுத்தது. அவருடன் மோத வேண்டாமென்று ஜனாதிபதி கென்னடியே அன்றைய சம்பியன் புளோயிட் பெற்றர்சனிடம் கூறியதாகப் பதிவுண்டு. கறுப்பின உரிமை இயக்கத் தலைவர்களும் இப்படியொருவர் சம்பியனாவதை விரும்பவில்லை. பெற்றர்சன் கேட்கவில்லை. 1962 செப்டெம்பர் 25 ஆம் திகதி சிக்காகோவில் இரண்டு நிமிடம் ஆறு செக்கனில் அவர் சாய்ந்தார். புதிய சம்பியன் பிலடெல்பியா விமான நிலையத்தில் இறங்கியபோது, பத்திரிகையாளர் சிலரைத் தவிர வரவேற்க எவரும் வந்திருக்கவில்லை. கூட்டத்துக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை விமானத்தில் அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாராம். 1963 ஜூலையில் லாஸ் வேகாஸில் பெற்றர்சனை மீண்டும் முதற் சுற்றிலேயே வீழ்த்தினார்.

அவரை வெல்ல எவராலும் முடியாதென்று உலகம் நம்பியிருந்த வேளையில்தான் காஸியஸ் கிளே வந்தார். 1964 பெப்ரவரி 25, மியாமி பீச். பந்தயம் கட்டியோர் ஒன்றுக்கு ஏழென லிஸ்டன் பக்கம் நின்றார்கள். 46 விளையாட்டு எழுத்தாளர்களில் 43 பேர் அவரே வெல்வாரென எழுதினார்கள். ஆறு சுற்றுகள் முடிந்ததும் லிஸ்டன் ஆசனத்தைவிட்டு எழவில்லை. இடது தோளில் காயம் என்றார். அந்த நொடியிலேயே சூழ்ச்சி என்ற கூக்குரல் எழுந்தது.

இந்த முதலாவது போட்டியைப் பற்றி எமது முடிவை ஒளிக்க வேண்டியதில்லை. அது நேர்மையான போட்டியென்றே கருதுகிறோம். வைத்தியர் குழுவொன்று கையைப் பரிசோதித்துக் காயத்தை உறுதிசெய்த பின்னரே தடுத்து வைத்திருந்த பணம் விடுவிக்கப்பட்டது. ஆறு சுற்று முடிவில் மத்தியஸ்தரின் ஏட்டில் புள்ளிகள் சமம். நடுவர் இருவரில் ஒருவர் கிளேக்கும் மற்றவர் லிஸ்டனுக்கும் முன்னிலை கொடுத்திருந்தார். நான்காம் சுற்றின் முடிவில் கிளேயின் கண்கள் எரிந்து பார்வை மங்கியது. லிஸ்டனின் கையுறையில் ஏதோ பூசியிருந்தார்கள் என்ற ஐயம் உண்டு. தோற்கத் தீர்மானித்தவனுக்கு அது எதற்கு? புளோரிடா அரச சட்டத்தரணியின் விசாரணையிலும் செனட் விசாரணையிலும் சூழ்ச்சிக்கான சான்று அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று. லிஸ்டனுக்கும் பங்கிருந்த நிறுவனம், கிளேயின் அடுத்த போட்டியை நடத்தும் உரிமையை 50,000 டொலர் கொடுத்து முன்கூட்டியே வாங்கியிருந்தது. தோற்றாலும் இலாபம் என்ற நிலை சந்தேகத்துக்குத் தீனி போட்டது. விளையாட்டில் இலஞ்சம் கொடுப்பதை மத்திய அரசின் சட்டப்படி குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா அதே 1964 இல்தான் கொண்டுவந்தது.

மறு போட்டி பொஸ்டனில் நடக்கவிருந்தது. இப்போது முஹம்மத் அலி என்ற பெயர் தரித்திருந்த புதிய சம்பியனுக்குக் குடலிறக்க சத்திரசிகிச்சை தேவைப்பட்டதால் அது தள்ளிப்போனது. ஈற்றில் மேயின் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சிற்றூரில், பாடசாலைப் பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி விளையாடும் அரங்கில், 2,434 பேர் முன்னிலையில் நடந்தது. மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் மல்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அரங்கில் துப்பாக்கிச் சூடு நடக்குமென்ற வதந்தி எங்கும் பரவியிருந்தது.

முதற் சுற்று. லிஸ்டன் முன்னேறி இடக்கையை வீசும்போது, அலியின் வலக்கை மேலிருந்து குறுகலாக இறங்குகின்றது. லிஸ்டன் விழுகிறார். பலருக்கு அடி விழுந்ததே தெரியவில்லை. மாயக்குத்து என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அலி நடுநிலை மூலைக்குச் செல்லாமல் எதிரியின் தலைமாட்டில் நின்று எழும்படி கத்துகிறார். அப்புகைப்படம் அந்தக் கணத்தினது. மத்தியஸ்தர் ஜோ வோல்கொட் எண்ணத் தொடங்கவேயில்லை. லிஸ்டன் எழுந்தார், இருவரும் மீண்டும் மோதத் தொடங்கினர். மேடையருகிலிருந்த சஞ்சிகை ஆசிரியர் ஒருவர் நேரம் முடிந்துவிட்டதெனக் கத்திய பின்னரே மத்தியஸ்தர் ஓடிவந்து போட்டியை நிறுத்தினார். முடிவு ஒரு நிமிடத்தில் என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் இரண்டு நிமிடங்களுக்கு மேல் கடந்திருந்தது. ஒரு போட்டியில் இத்தனை குளறுபடிகள் நிகழ்ந்தால் எவர்தான் நம்புவார்?

1979 வரை இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. அக்காலத்துக் கண்டி வாசிகளுக்கு வானொலிச் செய்தியும் பத்திரிகைப் படமும்தாம் கிடைத்தன. இன்று கைத்தொலைபேசியிலேயே மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். குத்து விழுந்தது தெளிவாகத் தெரிகின்றது. லிஸ்டனின் தலை அசைகின்றது. ஆனால் அந்தக் குத்து அவரைப் போன்ற ஒருவரை அத்தனை நேரம் கிடத்தியிருக்குமா என்பதற்குப் படச்சுருளில் விடையில்லை. மாபியாவின் கட்டளை என்றார்கள். அலி சார்ந்திருந்த நேஷன் ஒஃப் இஸ்லாம் இயக்கத்தினர் மிரட்டினார்கள் என்றார்கள். அவ்வியக்கத்தின் கொள்கைகள் பல பொதுவான இஸ்லாமிய நெறியிலிருந்து விலகியவை என்பதும், அலி 1975 இல் அதைவிட்டு ஸுன்னி மார்க்கத்துக்கு வந்தார் என்பதும் முஸ்லிம் வாசகர்கள் அறிந்ததே. எந்தக் கதைக்கும் ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. 2014 இல் வெளிவந்த எஃப்.பீ.ஐ. ஆவணங்களும் லாஸ் வேகாஸ் சூதாட்டப் புள்ளி ஒருவர் மீது, அதுவும் முதலாவது போட்டி தொடர்பில், ஐயம் தெரிவிப்பதோடு நின்றுவிடுகின்றன. அச்சூழ்ச்சி அலிக்குத் தெரிந்திருந்ததாக அவற்றில் இல்லை. லிஸ்டனோ கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு காரணம் கூறினார்.

அலியை நேசிப்போர் இப்பேச்சை விரும்புவதில்லை. லிஸ்டன் விலைபோனாரெனில் அலியின் கிரீடம் களங்கப்படுமோ என்ற அச்சம். 1974 இல் கின்ஷாசாவில் ஜோர்ஜ் போர்மனை வீழ்த்தியவருக்கு அந்த அச்சம் தேவையில்லை. மாறாக, அலியின் கணக்கில் எழுத வேண்டியது வேறொன்று உண்டு. எழுத்தறிவற்ற அந்த மனிதரைக் கரடியென்றும் அவலட்சணமென்றும் ஊரறியப் பழித்ததை வெறும் விளம்பரமென்று நாம் இரசித்துவிட்டோம்.

ஹவானாவில் 1915 இல் ஜெஸ் வில்லர்டிடம் 26 ஆம் சுற்றில் வீழ்ந்த ஜேக் ஜோன்சன், பணத்துக்காகவே படுத்ததாகப் பின்னர் தாமே சொல்லிக்கொண்டார். அவரை நம்பியவர் குறைவு. லிஸ்டன் ஒருபோதும் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. அவரை நம்பியவரும் குறைவு.

அதன் பின் சுவீடனில் சில போட்டிகள். பின்னர் அமெரிக்காவில் சில. 1970 ஜூனில் சக் வெப்னரை வென்றதே கடைசி. மொத்தம் 54 போட்டிகளில் 50 வெற்றி, அவற்றில் 39 நொக் அவுட். 1971 ஜனவரி 5 ஆம் திகதி, உறவினர் வீட்டிலிருந்து லாஸ் வேகாஸ் திரும்பிய மனைவி ஜெரல்டின், அவரை வீட்டில் சடலமாகக் கண்டார். வாசலில் சேர்ந்திருந்த பால் போத்தல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிப் பார்த்து, இறந்த நாள் டிசெம்பர் 30 என்று பொலிஸார் பதிந்தனர். உடலில் ஹெரோயின் தடயம் இருந்தது. ஊசிக்குப் பெரிதும் அஞ்சுபவர் என்று பழகியவர்கள் கூறினார்கள். இயற்கை மரணம் என அறிக்கை எழுதப்பட்டது. அந்தச் சாவையும் சிலர் இன்றுவரை நம்புவதில்லை.

லாஸ் வேகாஸ் விமான நிலையத்தை அடுத்த மயானத்தில் அவருடைய கல்லறை உள்ளது. பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே, இங்கு கிடப்பவர் ஒரு மனிதர் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. பிறந்த ஆண்டு 1932 என்று பொறித்திருக்கிறார்கள்.