முதல் சிரிப்புக்கு நாள் குறித்த டார்வின்: பலரும் அறியாத அப்பா முகம்

குழந்தை எப்போ சிரிக்கும், எப்போ பேசும்? இன்றைய பெற்றோர் ஆப்பில் பதிவு செய்வதை அன்றே நோட்டில் எழுதி வைத்தவர், பரிணாமக் கோட்பாடு தந்த சார்லஸ் டார்வின்.

1839 டிசம்பர் 27-ல் லண்டனில் மூத்த மகன் வில்லியம் பிறந்ததுமே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். 7-வது நாள், பிஞ்சுப் பாதத்தைப் பேப்பர் துண்டால் தொட்டார். குழந்தை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது. 45 நாள் வாக்கில் நிஜமான முதல் சிரிப்பு. நாலரை மாதத்தில், கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தும் சிரிப்பு. சரியாக ஒரு வயதில், சாப்பாட்டுக்கு அதுவே வைத்துக்கொண்ட பெயர் 'மம்'. (நம்மூர் 'மம்மம்' ஞாபகம் வருதா?)

அப்புறம் 37 வருஷம் அந்த நோட்டு தூங்கியது. 1877-ல்தான் 'மைண்ட்' இதழில் கட்டுரையானது. குழந்தை வளர்ச்சியை நாள் கணக்கில் கவனித்து எழுதிய ஆரம்பகாலப் பதிவுகளில் அது முக்கியமானது.

டார்வினுக்கு மொத்தம் 10 பிள்ளைகள். கடைக்குட்டி சார்லஸ் வாரிங், 1856 டிசம்பரில் பிறந்தவன். ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, பேச்சும் வரவில்லை. 1858 ஜூன் 28-ல் ஸ்கார்லெட் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அதன்பின் அவனைப் பற்றியும் டார்வின் எழுதினார். அதில் நாள் கணக்கு பெரிதாக இல்லை. மடியில் படுத்தபடி அப்பா முகத்தையே சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது மாதிரியான நினைவுகள்தான் அதிகம்.

மூன்றே நாளில், ஜூலை 1-ல், லண்டன் லினேயன் சொசைட்டியில் டார்வின், வாலஸ் இருவரின் பரிணாமக் கருத்துகள் முதல்முறையாக வாசிக்கப்பட்டன. டார்வின் அங்கே போகவில்லை.