ஊர் கண்ட உடையவர்

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் திருத்தேரில் எழுந்தருளித் திருவீதிகளை வலம் வருகிறான். வடம் பிடிக்கும் பக்தகோடிகள் தேரையும் அதில் வீற்றிருக்கும் திருமேனியையும் கண்ணாரக் கண்டு ஸேவிக்கிறார்கள். ஆனால் அத்தேர் தடையின்றி ஓடுவதற்கு ஏற்ற அகலத்தோடும் திருப்பத்தோடும் அவ்வீதியை வகுத்தவர் யார், அவ்வீதியில் இன்னின்னார் குடியிருக்க வேண்டுமென்று எண்ணியவர் யார், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கவலைப்பட்டவர் யார் என்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு நினைக்கத் தொடங்கினால் நம் மனம் சென்று சேரும் திருவடிகள் பகவத் ராமாநுஜருடையவை. வேதாந்தத்திற்கு ஸ்ரீபாஷ்யம் அருளிய அம்மஹாநுபாவர், ஊர்களை அமைத்து வாழவைத்த பேராற்றலும் உடையவர். அவருடைய திவ்ய சரிதத்தை அந்தக் கோணத்தில் இங்கு அநுபவிப்போம்.

திருவவதாரமும் திருவரங்கமும்

1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரை மாதம் திருவாதிரைத் திருநாளில், ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மைக்கும் திருக்குமாரராக அவதரித்தார். மாதுலரான பெரிய திருமலைநம்பி இளையாழ்வார் என்று திருநாமம் சாற்றினார். திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றதும், திருக்கச்சிநம்பியின் அருளுக்குப் பாத்திரமானதும், ஆளவந்தாரை ஸேவிக்கச் சென்றபோது அவருடைய சரமத் திருமேனியையே காண நேர்ந்ததும், மதுராந்தகத்தில் பெரியநம்பிகளிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்றதும், துறவறம் ஏற்றதும் அனைவரும் அறிந்த வரலாறுகள்.

திருவரங்கத்திற்கு எழுந்தருளிய பின்னர், கோயில் பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்தது. பெருமாளின் உடைமையனைத்துக்கும் பொறுப்பாளராக ஆனதனாலேயே உடையவர் என்ற திருநாமம் அவருக்கு நிலைத்தது. அங்கே அவர் முதலில் கவனித்தது கட்டடத்தை அன்று, மனிதர்களை. கோயில் பணியாளர்கள் அதுவரை ஐந்து கொத்துகளாகப் பிரிந்திருந்தனர். பணிகள் பெருகியிருந்தும் பொறுப்பு இன்னாருடையது என்ற தெளிவு இல்லை. உடையவர் அவற்றைப் பத்துக் கொத்துகளாக விரித்து, மாலை கட்டுபவர், தண்ணீரமுது கொணர்பவர், வாயில் காப்பவர், கணக்கெழுதுபவர் முதலிய ஒவ்வொருவருக்கும் உரிய பணியையும், அப்பணிக்குரிய ஜீவனத்தையும் வரையறுத்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. ஓர் ஊர் நெடுங்காலம் நிற்பது மதில்களால் மட்டும் அன்று. நாளை காலை எழுந்து இன்ன பணியைச் செய்ய வேண்டியவர் இன்னார் என்ற ஒழுங்கினால் நிற்கிறது. இந்த உண்மையை உடையவர் திருவரங்கத்திலேயே நிலைநாட்டினார்.

ஊரிழந்தவருக்குக் கொங்கு நாடு தந்த இடம்

இவ்வாறு ஓர் ஊரைச் சீர்படுத்தியவர் அவ்வூரையே விட்டு நீங்கும் காலமும் வந்தது. சோழ மன்னனின் ஸமயத் துவேஷத்தால் அவருக்குத் தீங்கு நேருமென்று அஞ்சி, கூரத்தாழ்வான் காஷாயம் தரித்துத் தாமே ராமாநுஜர்போல் அரசவைக்குச் சென்றார். அங்கே தம் கண்களை இழந்தார். உடன் சென்ற பெரியநம்பிகள் திருநாட்டை அலங்கரித்தார். உடையவரோ ஆழ்வானின் வெள்ளை ஆடையை உடுத்து, சில சிஷ்யர்களுடன் காவிரிக் கரையோடு மேற்கு நோக்கி நடந்தார். மடம் இல்லை; திருவாராதனத்திற்கு இடமில்லை; அடுத்த வேளை உணவு எங்கே என்பதும் தெரியாது. மலைக்காட்டில் வேடர்கள் தேனும் தினைமாவும் அளித்து உபசரித்து வழிகாட்டினார்கள் என்று குருபரம்பரை பேசுகிறது.

காடு கடந்து கொங்கு நாட்டில் அவர்களை ஏற்றுக்கொண்டது ஒரு பெண்மணியின் இல்லம். கொங்கில் பிராட்டி என்று நம் பூர்வாசார்யர்கள் கொண்டாடும் அந்த அம்மையார், முன்பொரு காலத்தில் தம் நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது கணவருடன் திருவரங்கம் சென்று தங்கியிருந்தவர். வீதியில் மாதுகரத்திற்கு எழுந்தருளும் உடையவரை அரசர்களும் செல்வர்களும் தண்டனிடுவதைக் கண்டு வியந்து, ஒருநாள் அவரெதிரே சென்று அதன் காரணத்தைக் கேட்டார். பகவானைப் பற்றிய சில நல்வார்த்தைகளை அவர்களுக்குச் சொன்னதே காரணம் என்று அறிந்ததும், தமக்கும் அதைச் சொல்லியருள வேண்டுமென்று இரந்தார். உடையவரும் தயங்காமல் த்வயத்தை உபதேசித்தார். பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பும் வேளையில் அது நினைவினின்று நழுவிவிட, அம்மையார் ஓடிவந்து மறுபடி கேட்டுப் பெற்றார். அத்துடன் ஆசார்யனின் திருவடி நிலைகளையும் பிரார்த்தித்துப் பெற்றுச் சென்றார்.

அதே அம்மையாரின் இல்லத்திற்கே பல ஆண்டுகளுக்குப் பின் களைத்துப் பசித்த வைஷ்ணவர்கள் வந்து சேர்ந்தனர். வெள்ளை உடையிலிருந்த ஆசார்யனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆயினும் தளிகை செய்தார். வந்தவர்கள் உண்ணத் தயங்கவே, உள்ளே அவர் செய்வதைக் கவனிக்கும்படி உடையவர் ஒரு சிஷ்யருக்கு நியமித்தார். அம்மையார் அந்தத் திருவடி நிலைகளின் முன் அமுது ஸமர்ப்பித்துத் தியானித்துக் கொண்டிருந்தார். பிறகு அவர்கள் ஒவ்வொருவர் திருவடியாக நோக்கி வந்து, ஒருவர் திருவடிகளில் தம் ஆசார்யனைக் கண்டுகொண்டு கண்ணீர் வடித்தார். ஊரை இழந்து வந்த உலக குருவுக்கு ஊராக நின்றது அந்தக் கொங்கு நாட்டு வீடு. வந்தவரின் பெயரும் பெருமையும் அறியுமுன்பே இடமளித்த அந்தக் குணம் இந்நாட்டின் நிலையான பெருமை.

காட்டில் எழுந்த திருநாராயணபுரம்

கொங்கிலிருந்து உடையவர் கன்னட நாடு சென்றார். தொண்டனூரில் ஹொய்ஸள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அவரைச் சரணடைந்தான். 1117இல் பேலூரில் கேசவப் பெருமாளுக்கு மாபெரும் கோயில் எடுத்தவன் அம்மன்னனே. தொண்டனூரில் இரு குன்றுகளுக்கிடையே கரை எழுப்பி அமைந்த பெரிய ஏரியை உடையவரின் நியமனத்தால் உண்டானதாகவே மரபு கூறுகிறது. திருமலை ஸாகரம் என்று அவர் அதற்குத் திருநாமம் இட்டார் என்பர்.

அங்கிருந்து மேல்கோட்டைக்கு எழுந்தருளியபோது அது காடாகக் கிடந்தது. புற்றினுள் மறைந்திருந்த திருநாரணனை வெளிப்படுத்தி, காட்டைத் திருத்தி, கோயிலும் வீதிகளும் வகுத்து, கல்யாணி தீர்த்தத்தை ஒட்டி ஊரை அமைத்தார். ஐம்பத்திருவர் என்று பெயர் பெற்ற சிஷ்யர்களைக் கைங்கர்யங்களுக்கு நியமித்தார். இவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. செல்வப்பிள்ளையை மீட்டு வரும் பயணத்தில் துணை நின்ற ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு உயர்த்தி, ஆண்டுதோறும் உத்ஸவத்தில் மூன்று நாட்கள் கல்யாணியில் நீராடிக் கோயிலுள் புகுந்து ஸேவிக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தார். இன்றைய கண்ணுக்கு மூன்று நாள் குறைவே. ஆலயப் பிரவேசச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1939இல், பின்னர் இன்னும் விரிவாக 1947இல் என்பதை நினைத்தால், ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட அந்தக் கதவின் அருமை விளங்கும்.

சோழன் மறைந்தான் என்ற செய்தி வந்ததும் உடையவர் திருவரங்கம் திரும்பத் திருவுள்ளம் கொண்டார். பிரிவாற்றாத அன்பர்களுக்காகத் தமர் உகந்த திருமேனியை அங்கே எழுந்தருளச் செய்தார். தாம் இல்லாதபோதும் ஊர் தளராமல் நடக்க வேண்டும் என்பதே அவர் உட்கருத்து.

மலையடியில் ஒரு மாநகரம்

திருமலையில் பெருமாளுக்குப் பூந்தோட்டம் அமைத்து அங்கேயே குளிரிலும் தனிமையிலும் வாழ முன்வருபவர் உண்டோ என்று உடையவர் ஒருநாள் கோஷ்டியில் கேட்டார். அனந்தாழ்வான் மட்டும் எழுந்தார். மலை மேல் ஏரி வெட்டும் வேலையில் கருவுற்றிருந்த அவர் தேவியாரும் மண் சுமந்தார். அனந்தாழ்வானின் கடப்பாரை திருமலைக் கோயில் மஹாத்வாரத்தில் வைக்கப்பட்டுள்ளதை ஸேவார்த்திகள் காணலாம். முதலில் நீர், பிறகு தோட்டம் என்ற வரிசையை இங்கும் காண்கிறோம்.

மலையடிவாரத்தில் அக்காலத்தில் கோட்டூர் என்ற சிற்றூரே இருந்தது. தில்லைத் திருச்சித்திரகூடத்துக் கோவிந்தராஜனுக்கு இடையூறு நேர்ந்து உத்ஸவமூர்த்தி இங்கே எழுந்தருளியபோது, உடையவர் முன்பே இருந்த பார்த்தஸாரதி ஸந்நிதியை அடுத்து 1130இல் கோவிந்தராஜப் பெருமாளைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலைச் சுற்றி நான்கு மாடவீதிகளை வகுத்து, கைங்கர்யபரர்களைக் குடியமர்த்தினார். கோவிந்தராஜபட்டணம் என்றும் ராமாநுஜபுரம் என்றும் வழங்கிய அவ்வூரே பிற்காலத்தில் திருப்பதியாக வளர்ந்தது. புகலிடம் தேடி வந்த பெருமாளுக்கு, தாமும் ஒருகால் புகலிடம் தேடி நடந்தவர் ஊர் அமைத்துக் கொடுத்தார்.

நூற்றிருபது திருநக்ஷத்திரங்கள் எழுந்தருளியிருந்து, 1137இல் திருவரங்கத்தில் உடையவர் பரமபதம் அடைந்தார் என்பது ஸம்பிரதாயம்.

நமக்குரிய பாடம்

தண்ணீர், வீதி, செய்யும் தொழில், ஒதுக்கப்பட்டவருக்கும் ஓர் இடம், தாம் சென்ற பின்னும் தொடரும் பொறுப்பு ஆகிய ஐந்தையும் உடையவர் தாம் கண்ட ஊர்களிலெல்லாம் பேணினார். ஊர் வளர்ச்சிக்கு இவை என்றும் பொருந்துவன.

நமது கோயம்புத்தூரின் வரலாறே இதற்குச் சான்று. 1901இல் 53,080 ஆக இருந்த நகர மக்கள்தொகை, பிளேக் நோய் வாட்டிய அந்தப் பத்தாண்டில் குறைந்து 1911இல் 47,007 ஆயிற்று. நெருங்கிய பேட்டைத் தெருக்களுக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் உள்ள நேர்வீதிகளோடு புதிய பகுதி எழுந்தது. நகராட்சித் தலைவராக விளங்கிய ரத்தினசபாபதி முதலியாரின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிறுவாணித் தண்ணீர் நகருக்கு வந்தது. 1931இல் மக்கள்தொகை 95,198 ஆனது. 2011இல் பத்து லட்சத்தைக் கடந்தது. தண்ணீரும் நல்ல வீதியும் வந்த பின்னரே நகரம் தழைத்தது என்பது வெளிப்படை.

ஆயினும் ஏரிக்கரையை நெருக்கி வீடு கட்டுவதும், தேரோடும் வீதியில் கடையை நீட்டுவதும், வந்து பிழைக்கும் ஏழைக்கு இடமில்லை என்பதும் இன்று எளிதாகிவிட்டன. அடுத்த தலைமுறைக்கென்று ஊரை நினைப்பவனே உடையவரின் வழி நிற்பவன். திருவரங்கத்தின் புறமதில் ராஜகோபுரம் பன்னெடுங்காலம் மொட்டையாக நின்று, 1987இல்தான் 236 அடி உயரத்தில் நிறைவுற்றது. நல்ல பணிகள் ஓர் ஆயுளில் முடிவதில்லை. முடியவில்லையே என்று கைவிடவும் கூடாது.

இன்று திருத்தேர் வடத்தைப் பிடிக்கும்போது, முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற இந்த அகன்ற வீதியையும் ஒருகணம் நினைப்போம். அதைக் குறைக்காமல் நம் மக்களுக்கு ஒப்படைப்பதும் கைங்கர்யமே என்று உணர்ந்து, எம்பெருமான் அருளுக்குப் பாத்திரமாவோமாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.