காக்க வைக்காத குரு

மன்னார்த் தீவின் தோட்டவெளிக்கு நீங்கள் திருயாத்திரை சென்றிருக்கக்கூடும். 1544 ஆம் ஆண்டில் விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சிகளை நினைவுகூரும் ஆலயம் அங்கே இருக்கிறது. அம்மக்கள் திருமுழுக்குப் பெற வழிசெய்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார்.

1506 இல் நவார் நாட்டில் பிறந்த அவர், 1542 மே மாதத்தில் கோவாவை அடைந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் கைவரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மொழியறிந்தோர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனனம் செய்து, கைமணி அடித்தபடி தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். தாம் போக இயலாத வீடுகளில் நோயாளருக்காகச் செபிக்க அச்சிறுவரையே அனுப்பினார். நம் வீட்டுப் பிள்ளைகளை அப்படி அனுப்பத் துணிவோமா?

மன்னார் மக்கள் அழைத்தபோது மறுகரையின் பணியை விட்டு அவரால் வர இயலவில்லை. ஆயினும் தாம் ஓயும் நாள்வரை அவர்களைக் காக்க வைக்காமல், வேறொரு குருவை அனுப்பினார். அவ்வாண்டே, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். திருமுழுக்கே அவர்களுக்குச் சாவைக் கொணர்ந்தது என்று நீங்கள் கலங்கலாம், அக்கலக்கம் நியாயமானதே. ஆனால், அழைத்தவர்கள் அவர்கள். கிறிஸ்தவர்களாய் வாழ அவர்களுக்குக் கிடைத்ததோ சில மாதங்களே. சவேரியார் தாமதித்திருந்தால் அதுவும் கிடைத்திராது.

அவருக்கும் காலம் நீளவில்லை. சீனாவுக்குக் கொண்டுசெல்லும் படகை எதிர்பார்த்தபடியே, சான்சியன் தீவில் நோயுற்று, 1552 டிசம்பர் 3 அன்று இறைவனடி சேர்ந்தார். வயது 46.