மழைநீரில் நகரத்தின் வளியைக் கண்டவர்
றொபேட் அங்கஸ் ஸ்மித் (1817 – 1884)

மாணவர்களே, மழைநீர் தூயது என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். ஆனால் ஒரு நகரத்தின் வளியில் என்னென்ன கலந்துள்ளன என்பதை அந்த மழைநீரைச் சோதித்தே கண்டறிந்தார் ஒருவர். அவரே றொபேட் அங்கஸ் ஸ்மித்.

இவர் 1817 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அண்மையிற் பிறந்தார். மதகுருவாகும் நோக்குடன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோதும் பட்டம் பெறாமலே வெளியேறினார். சிலகாலம் வீடுகளிற் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்தார். பின்னர் ஜேர்மனி சென்று இரசாயனவியலாளர் லீபிக்கிடம் கற்று, 1841 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் இங்கிலாந்தின் மன்செஸ்ரர். பருத்தி ஆலைகள் நிறைந்த அந்நகரில் எங்கும் நிலக்கரிப் புகை. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து கந்தகவீரொட்சைட்டு ஆகிறது. அது வளியிற் சல்பூரிக்கமிலமாக மாறுகிறது. இதன் விளைவை ஸ்மித் 1852 இல் மூன்று வலயங்களாக விளக்கினார். இதனை நன்கு கவனியுங்கள்:

1. தொலைவிலுள்ள வயல்வெளி – அமோனியம் காபனேற்று
2. புறநகர் – அமோனியம் சல்பேற்று
3. நகர மத்தி – சல்பூரிக்கமிலம்

காரணம் என்ன? வளியிலுள்ள அமோனியா அமிலத்தை நடுநிலையாக்கும். நகர மத்தியிலோ அமிலம் மிகுதி. எனவே ஒரு பகுதி எஞ்சிவிடுகிறது. துணிகள் நிறம் மங்குவதற்கும் உலோகங்கள் துருப்பிடிப்பதற்கும் இந்த அமிலமே காரணம் என்றார். 1872 இல் வெளியான தமது நூலில் "அமில மழை" என்னும் சொல்லையும் பயன்படுத்தினார்.

1863 இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. சோடியம் காபனேற்றுத் தயாரிப்பில் வெளியேறும் ஐதரசன் குளோரைட்டு வாயுவில் 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும் என்பது விதி. அதன் முதலாவது தலைமைப் பரிசோதகர் ஸ்மித். வழக்குத் தொடுப்பதிலும் பார்க்க, உரிமையாளருக்கு வழிகாட்டித் திருத்துவதையே அவர் விரும்பினார்.

இங்கு ஒரு குறை உண்டு. அவர் நன்கு ஆராய்ந்த நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்த அச்சட்டம் அவருக்கு அதிகாரம் தரவில்லை. 1884 இல் அவர் இறந்தபோதும் நிலைமை அதுவே. 1952 டிசெம்பரில் இலண்டனிற் புகைப்பனி சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பின்னரே, 1956 இல் தூய வளிச் சட்டம் பிறந்தது.

இன்றும் நகர வளியிலுள்ள நுண்துணிக்கைகளில் அமோனியம் சல்பேற்று முக்கிய கூறாகும். எனவே இவரது பெயரையும் ஆண்டுகளையும் மட்டும் மனனம் செய்யாதீர்கள். உண்மை தெரிந்த பின்னரும் சட்டம் வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஏன் சென்றன என்பதையும் சிந்தியுங்கள்.

நினைவிற் கொள்க: 1852 – மன்செஸ்ரர் ஆய்வு, 1863 – காரத் தொழிற்சாலைச் சட்டம், 1872 – நூல், 1956 – தூய வளிச் சட்டம்.